பட்டை தீட்டும் கை

கல்லைத் தேய்ப்பது கடினமான வேலை. கண்ணுக்கு உறுத்தல், கைக்குக் காய்ப்பு, முதுகுக்கு வலி. கூலி கொடுத்தாலன்றி அந்த வேலைக்கு ஒருவரும் வரமாட்டார் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கானோர், கூலி பெறாதது மட்டுமல்ல, தம் கைப்பொருளையும் செலவிட்டு இந்த வேலையைச் செய்கின்றனர்! பகலில் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், பள்ளியில் பாடம் நடத்துபவர், ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், மருத்துவர், வீட்டைக் காக்கும் தாய்மார் — மாலை வந்ததும் சுழலும் சாணைத் தட்டின்முன் அமர்ந்து, கரடுமுரடான ஒரு கல்லைக் கையிலெடுத்து, அதற்குப் பட்டை தீட்டுகின்றனர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 'சஃபையர்', 'ரூபிவேல்' என்று மணிகளின் பெயரையே தாங்கிய சிற்றூர்கள் உள்ளன. உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, விடுமுறை நாள்களில் அங்கே மண்ணைத் தோண்டிச் சலித்து நீலக்கல் தேடுவோர் பலர். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்குக்காகவே 1947-ல் 'லேப்பிடரி ஜர்னல்' என்ற ஏடு தோன்றியது என்றால், இதன்மீது அந்நாட்டினர் கொண்டுள்ள பற்றினை அறிந்துகொள்ளலாம்.

விந்தை மனிதர்கள், வேலையற்ற வேலை என்று கூறிச் சிரித்துவிட்டுப் போகலாம். நம் தோழர்களில் சிலர் அப்படித்தான் சிரிக்கின்றனர். நாட்டில் நூறு குறை, அதிலே கல்லுக்கு மெருகா என்பது அவர்கள் கேள்வி. சிரிப்பதற்குமுன் நாம் வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவன் பணம் கொடுத்துச் செய்கிற வேலையை, இன்னொருவன் பணத்துக்காகவே, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறான். சாணை ஒன்று, கல் ஒன்று, தூசியும் ஒன்று. இவனுக்கு இன்பமாக இருப்பது அவனுக்குத் துன்பமாக இருப்பது ஏன்? உழைப்பின் கசப்பு உழைப்பிலேயே இருக்கிறதா, அன்றி உழைப்பவனைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கும் வேலியில் இருக்கிறதா? தொழிலாளர் உலகைப்பற்றி நாள்தோறும் பேசுகிற நாம், விடை காணாமல் ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது.

முதலில் அந்த வேலையைச் சற்று உற்றுப் பார்ப்போம். ஆற்றங்கரையிலோ குன்றின் அடியிலோ கிடைத்த ஒரு படிகக் கல் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொறுக்கியவன் உடனே தேய்க்கத் தொடங்குவதில்லை. தண்ணீரில் நனைத்து விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். எங்கே கீறல், எங்கே புகைபோன்ற படலம், எந்தப் பக்கம் நிறம் திரண்டிருக்கிறது என்று ஆராய்கிறான். இந்த ஆராய்ச்சிக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். பின்னர், வைரத்தூள் பதித்த மெல்லிய வாளால் அறுக்கிறான். அறுத்த துண்டைச் சூடாக்கிய அரக்கால் ஒரு குச்சியின் முனையில் ஒட்டுகிறான். அதன்பிறகே சாணை. பரும்பொடியில் தொடங்கி, 220, 600, 1200 என்று எண் ஏற ஏற நுண்மையாகும் பொடிகளால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்க்கிறான். ஒரு பொடியின் கீறலை அடுத்த பொடி அழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், மெருகேற்றும்போது அந்தக் கீறல் பல்லிளிக்கும்! இறுதியில் சீரியம் ஆக்சைடு என்ற பொடியால் மெருகு. முதன்முதலாக அந்த முகத்தில் விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிகிற நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை மாலைகளும்.

வழவழப்பாக உருட்டிவிடுவது எளிது. பட்டை வெட்டுவது அப்படியன்று; அது கணக்கு. படிகத்துக்குள் நுழைந்த ஒளி, கீழ்ப்பட்டைகளில் பட்டு மேலே திரும்பி வந்தால்தான் கல் மின்னும். அதற்கு அந்தப் பட்டைகள் ஏறத்தாழ 43 பாகை சாய்ந்திருக்க வேண்டும். 40-க்குக் கீழே இறங்கினால் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். கல்லைச் செய்தித்தாளின்மேல் வைத்தால் எழுத்துத் தெரியும், கல்லின் பொலிவு தெரியாது. வைரத்துக்கு ஒரு சாய்வு, நீலத்துக்கு ஒரு சாய்வு. ஒவ்வொரு பொருளும் ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ அதற்கேற்ப. வட்ட வடிவில் முழுமையாக வெட்டிய கல்லில் 57 பட்டைகள். அத்தனையும் ஒன்றோடொன்று முனையில் சரியாகக் கூடவேண்டும். 96 பற்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்றை வைத்துக்கொண்டு, கல்லைத் திருப்பித் திருப்பி, எண்ணி எண்ணி வெட்டுகிறான். கல்லூரியில் ஒளிவிலகலைப் படித்துத் தேர்வு எழுதி, மறுநாளே மறந்துவிட்ட நம்மைப் போன்றோர் வெட்கப்படும் அளவுக்கு, அந்த ஓய்வுபெற்ற தொழிலாளி அதைத் தன் விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஓர் அறிஞரோடு நாம் வாதிட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின், வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப்பற்றி எழுதிய நூலின் 1853-ல் வெளிவந்த பகுதியில், தொழிலாளியைக் கருவியாக்கும் முறையைக் கடுமையாகச் சாடினார். நாளெல்லாம் கண்ணாடிக் கம்பிகளை ஒரே அளவாக நறுக்கி நறுக்கி மணி செய்பவர்களின் கை நடுக்கத்தை எடுத்துக்காட்டி, அந்த மணிகளை வாங்குகிற ஒவ்வொரு சீமாட்டியும் அடிமை வாணிபத்தில் பங்கு கொள்கிறாள் என்று இடித்துரைத்தார். அத்தோடு நிற்கவில்லை. மணிக்கற்களுக்குப் பட்டை தீட்டுவதற்கும் சிந்தனைத் திறன் பெரிதாக வேண்டியதில்லை. ஆகவே, விலைமதிப்பு ஒன்றுக்காகவே அத்தகைய கற்களை அணிபவர், அடிமையைச் சாட்டையால் ஓட்டுபவருக்கு ஒப்பாவார் என்பது அவர் தீர்ப்பு.

சீமாட்டிகளின் நெஞ்சைச் சுட்ட அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால், அவர் குறிபார்த்த அம்பு சற்றே விலகிப் போயிற்று என்பது நம் கருத்து. சிந்தனைக்கு இடமில்லாத வேலை என்று பட்டை தீட்டுவதை அவர் தள்ளினார். மேலே கண்ட அந்த மாலைநேர மனிதனைப் பாருங்கள். எதை வெட்டுவது, எங்கே வெட்டுவது, எந்தச் சாய்வில் வெட்டுவது, எதைத் தியாகம் செய்து எதைக் காப்பது — எல்லாம் அவன் முடிவு. பெரிய கல்லாக வைத்துக்கொண்டு கீறலைப் பொறுப்பதா, பாதியை இழந்து தூய கல்லைப் பெறுவதா? மூளை வேலை இல்லையா இது? ஒளியின் விதி, கல்லின் இயல்பு, அழகின் உணர்வு மூன்றும் அவன் கையிலே கூடுகின்றன. ஆகவே, பட்டை தீட்டும் வேலையில் சிந்தனை இல்லாமலில்லை. கூலிக்குத் தீட்டுபவனிடமிருந்து அந்தச் சிந்தனை பறிக்கப்பட்டிருக்கிறது! ரஸ்கின் குற்றவாளியைச் சரியாகவே பிடித்தார். குற்றம் வேலையின் இயல்பிலே என்று எழுதியதுதான் பிழை.

பறிப்பது எப்படி என்பதைக் காண வேண்டுமா? ஜெர்மனியின் இடார் பகுதிக்குச் செல்வோம். பல நூற்றாண்டுகளாக அகேட் என்னும் வரிக்கல்லைத் தீட்டுவதில் பேர்பெற்ற ஊர். ஆற்றுநீரின் விசையால் சுழலும் மணற்கல் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஆளுயரத்தை நெருங்கும். அந்தச் சக்கரத்தின்முன் தொழிலாளி அமர்வதில்லை, படுப்பான்! குப்புறக் கவிழ்ந்து, நெஞ்சும் வயிறும் ஒரு மரச்சாய்வில் அழுந்த, தரையில் அடித்த மரக்கட்டையில் காலை உதைத்து, உடலின் முழு வலுவையும் கொடுத்துக் கல்லைச் சக்கரத்தின்மேல் அழுத்துவான். நெஞ்சருகே ஈரமும் தூளும், காலடியில் குளிர். நெஞ்சுநோய் அவர்களைத் தேடி வந்ததில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிழைப்புக்கு வழியில்லாமல் கப்பலேறி பிரேசிலுக்குப் போன அவ்வூரார், அங்கே ஏராளமான அகேட்டைக் கண்டு ஊருக்கு அனுப்பினர். தொழில் மீண்டும் தழைத்தது. கல் கடல் கடந்து வந்தது; தொழிலாளி மட்டும் குப்புறப் படுத்தபடியே இருந்தான்.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். குஜராத்தின் காம்பே நகர், அகேட்டுக்கும் சூதுபவளத்துக்கும் பழம்பெயர் பெற்றது. வீட்டு முற்றத்திலேயே சாணை. அதிலிருந்து பறக்கும் படிகத்தூள் நுரையீரலில் படிந்து, அதனை இறுகச் செய்து, மூச்சை முறிக்கும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். ஒருமுறை படிந்த தூளை எடுக்க மருந்தில்லை. அந்த நெஞ்சிலே காசநோய் எளிதில் குடிபுகும். தீட்டுபவர் மட்டுமா? அதே முற்றத்தில் சமைப்பவரும் தவழ்கிற பிள்ளையும் அதே தூளைத்தான் மூச்சிழுக்கின்றனர். குவீன்ஸ்லாந்தின் பொழுதுபோக்குக்காரன் என்ன செய்கிறான்? சாணையில் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்கிறான். தூள் பறக்காமல் சேறாக வடிகிறது. மூக்குக்குக் காப்பு அணிகிறான்; சன்னலைத் திறக்கிறான். அவன் படித்த முதல் பாடமே அதுதான். சொட்டு நீரும் தூளை உறிஞ்சும் விசிறியும் வானத்திலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள்களா? அவை இருந்தால் உற்பத்தி சற்றுக் குறையும், செலவு சற்று ஏறும். அந்தச் 'சற்று'க்கு ஒரு நெஞ்சு விலையாகிறது.

ஆக, சக்கரத்தின்முன் அமர்ந்த இருவரிடையே உள்ள வேறுபாட்டை இப்போது காண்கிறோம். ஒருவன் விரும்பும்போது எழுந்து போகலாம். மற்றவன் எழுந்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஒருவன் கல்லை முதலிலிருந்து முடிவுவரை அறிகிறான். மற்றவனுக்கோ வேலையின் ஒரு துண்டு மட்டுமே. உருவாக்குபவன் ஒருவன், பட்டை வைப்பவன் ஒருவன், மெருகேற்றுபவன் ஒருவன். நூறு கல்லைத் தொட்டும் ஒரு கல்லை முழுதாகச் செய்தறியாமல் முதுமையடைகிறான். ஒருவனுக்கு ஒளியின் கணக்குத் தெரியும். மற்றவனுக்குக் கூலிக் கணக்கும் சரியாகச் சொல்லப்படுவதில்லை. ஒருவன் முடிந்த கல்லை உள்ளங்கையில் வைத்து நண்பனிடம் காட்டுகிறான். மற்றவன் முடித்த கல், காகிதப் பொட்டலத்தில் எண்ணி வாங்கப்பட்டுக் கண்காணாத இடத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். அந்தப் பொழுதுபோக்குக்காரனை நாளைக்கு ஐம்பது கல் தீட்டச் சொல்லுங்கள்; அவன் இன்பம் ஒரு வாரத்தில் ஓடிவிடும். ஆகவே கசப்பு அளவிலே இருக்கிறது. வேலியை எடுத்தாலும் ஐம்பது ஐம்பதுதானே என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஒரே செயலை ஓயாது செய்தால் எந்த இன்பமும் சலிக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஓயாது ஒன்றையே செய்யும் வேலைக்குத்தான் மனிதன் எந்திரத்தைக் கண்டுபிடித்தான். எந்திரம் ஐம்பதையும் வெட்டட்டும். வெட்டுகிறதே! திருச்சிராப்பள்ளியிலும் புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது ஏழைக் குடும்பங்களின் குடிசைத் தொழிலாயிற்று. கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பமே குனிந்திருந்த தொழில். பின்னர், எந்திரம் வெட்டிய மலிவான கற்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தன. குனிந்திருந்தவர் நிமிர்ந்தனரா? இல்லை, தெருவுக்கு வந்தனர். எந்திரம் அவர்களுக்கு ஓய்வைத் தந்திருக்க வேண்டும், வேலையின்மையைத் தந்தது. ஓய்வும் வேலையின்மையும் ஒரே வெறுங்கைதான். ஒன்றில் வயிறு நிறைந்திருக்கிறது, மற்றதில் இல்லை. எந்திரத்தின்மீது நமக்குச் சினமில்லை. அது யாருடைய பொழுதை மிச்சப்படுத்துகிறது என்பதே நம் வழக்கு.

செயற்கைக் கல் என்றதும் ஒரு பக்கவழியில் சற்று நடந்துவிட்டு வருவோம். நடக்காமல் போனால் நம் வாசகர் மன்னிக்கமாட்டார்! ஒன்பது கோள்களுக்கு ஒன்பது மணிகள் என்று வகுத்து, விரலுக்கு விரல் மோதிரம் மாட்டுகிற கூட்டம் நம் நாட்டில் இன்றும் பெருங்கூட்டம். கதிரவனுக்கு மாணிக்கமாம், சனிக்கு நீலமாம். வேதியியல் நூலைத் திறந்தால், இரண்டும் ஒரே பொருள்: அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். தந்தை கதிரவனும் மகன் சனியும் பகைவர்கள் என்று சொல்லும் சோதிடர், இருவருக்கும் ஒரே பொருளைச் சாயம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்! 1902-ல் பிரெஞ்சு வேதியியலார் வெர்னாய் என்பவர், அந்தப் பொருளின் பொடியைக் கடும் வெப்பச் சுடரில் உருக்கித் துளித்துளியாகத் திரளவைத்து, சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதே பொருள், அதே கடினம், அதே சிவப்பு. உள்ளே தெரியும் நுண்ணிய வளைகோடுகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான், உலையிலே பிறந்தது இது, நிலத்திலே பிறந்தது அது என்று அறியலாம். ஆயினும் கடைக்காரர், 'பிறப்பு என்ன?' என்று கேட்டுத்தான் விலை சொல்கிறார். பொருளை விட்டுப் பிறப்பைக் கேட்கும் பழக்கம் மனிதரோடு நிற்கவில்லை, கல்லையும் பிடித்துக்கொண்டது! இங்கிலாந்து அரச முடியின் நெற்றியில் 'கரிய இளவரசனின் மாணிக்கம்' என்று பேர்பெற்ற பெரிய சிவப்புக்கல் ஒன்று உண்டு. அது மாணிக்கமே அன்று, ஸ்பினெல் என்ற வேறொரு கல் என்று அறிவியல் கண்டது. அதனால் எந்த மன்னரின் முடியும் சரியவில்லை. எந்தக் கோளும் வழக்குத் தொடுக்கவில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இதிலே நம்மை வருத்துவது மூடத்தனம் மட்டுமன்று. இத்தனை மாலைகள் குனிந்து ஒருவன் ஏற்றிய ஒளியை, கோளின் ஒளி என்று சொல்லிவிடுகிறார்களே, அதுதான் வருத்துகிறது. தோண்டியவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன், நெஞ்சில் தூளை ஏற்றுக்கொண்டு தீட்டியவன் ஒருவன். புகழ் மட்டும் சனிக்கும் செவ்வாய்க்கும்! மோதிரம் அணிந்தவர் நாள்தோறும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். தீட்டிய கையை அவர் கனவிலும் கண்டதில்லை.

அந்தக் கைக்கு நம் மண்ணிலே வேறொரு வரலாறும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில், கொடுமணல் என்ற சிற்றூர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சிறப்பிக்கப்படும் ஊர் அது என்பர் ஆய்வாளர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவற்றில், பச்சைக்கல், நீலம், படிகம், செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் இருந்தன. முடிந்த மணிகள் மட்டுமல்ல. உடைத்த கல், பாதி உருட்டிய கல், துளையிடாத மணி, துளையிடும்போது பிளந்த மணி என்று தொழிலின் ஒவ்வொரு படியும் இருந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது ஒரு பட்டறை ஊர். பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லின் புகழ் கடல் கடந்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, இக்கல் இந்தியாவில்தான் மிகுதி, பிற இடங்களில் அரிது என்று எழுதி வைத்தார். நீலம், மாணிக்கம் ஆகியவற்றின் இனத்துக்கு உலகம் இன்று வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகளே கூறுகின்றன.

பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கொடுமணலில் கிடைத்த இன்னொன்றுதான் நம் கருத்துக்குரியது. நூற்றுக்கணக்கான பானையோடுகளில் எழுத்து! கண்ணன் ஆதன் என்பன போன்ற பெயர்கள், தமிழ் எழுத்தில், சமையற் பானையின் தோளில் கீறப்பட்டிருக்கின்றன. அரண்மனைக் கல்வெட்டு அல்ல, வீட்டுப் பானை. கல்லைத் தீட்டியவனே அதைக் கீறினான் என்று சாதிக்க மாட்டோம். ஓட்டில் அதற்குச் சான்றில்லை. ஆனால் சாணை சுழன்ற ஊரில், உலை எரிந்த ஊரில், எழுத்தும் புழங்கியது என்பதை மறுப்பாரில்லை. பின்னாளில் என்ன நேர்ந்தது? எழுதும் கை வேறு, இழைக்கும் கை வேறு என்று பிரித்தனர். ஏடு தொட்ட கை மண்ணைத் தொட்டால் தீட்டு. மண்ணைத் தொட்ட கை ஏட்டைத் தொட்டால் தண்டனை. அந்தப் பிரிவினைக்குச் சாத்திரம் என்று பெயரிட்டுப் பூசை செய்தனர். கணக்கு அறிந்தவனுக்குக் கல் தெரியவில்லை. கல் அறிந்தவனுக்குக் கணக்குத் தெரியவில்லை. நம் தொழில்கள் அப்பன் காட்டிய வழியிலேயே நின்றுவிட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா?

இரண்டு கையும் ஒருவனிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலந்து நாட்டின் ஸ்பினோசாவைக் காட்டலாம். 1656-ல், இருபத்து மூன்றே வயதில், மதத்துக்கு மாறான கருத்துகளுக்காக ஆம்ஸ்டர்டாம் யூதர் சபை அவரைச் சபித்துத் தள்ளி வைத்தது. அவர் கண்ணாடி வில்லை தீட்டும் தொழிலை மேற்கொண்டார். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்குமான வில்லைகள் அவை. அவற்றின் மெருகை அறிவியலறிஞர் ஹைகன்ஸே பாராட்டினார். 1673-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோது, சிந்தனை உரிமைக்குத் தடை வருமோ என்று ஐயுற்று மறுத்துவிட்டார். 1677-ல், நாற்பத்து நான்கு வயதில், நெஞ்சுநோயால் மறைந்தார். கண்ணாடித் தூளும் அந்நோயை வளர்த்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அந்தச் சாணைக்குத் தத்துவ ஒளி பூசிக் காட்ட நாம் விரும்பவில்லை. தூள் தத்துவஞானிக்கும் தூள்தான். ஆனால் எவரிடமும் கையேந்தாமல் வாழ்ந்து, எவருக்கும் அஞ்சாமல் எண்ணிய அந்த மனிதனுக்கு, உழைக்கும் கை இழிவாகத் தோன்றவில்லை. எண்ணும் தலையும் பாரமாகத் தோன்றவில்லை.

நம்முடைய படித்த இளைஞர்களிடம் இந்தப் பொழுதுபோக்கை நாம் பரிந்துரைப்பதும் இதனாலேதான். கல்லை அணியச் சொல்லவில்லை, விற்கச் சொல்லவில்லை. பட்டம் பெற்ற கை ஒருமுறை அரக்கைச் சூடாக்கட்டும், 220-க்கும் 600-க்கும் உள்ள வேறுபாட்டைத் தோலால் அறியட்டும். ஒரு பட்டை கோணலாகப் போனால் அதைச் சரிசெய்ய ஒன்பது பட்டைகளை மீண்டும் தேய்க்க நேரும்போது, கூலிக்குத் தீட்டுபவனின் ஒரு நாள் எத்தகையது என்பது புள்ளிவிவரத்தில் கிடைக்காத வகையில் விளங்கும். அவ்வளவினால் தொழிலாளி விடுதலை பெறுவான் என்று சொல்லவில்லை. இவன் பாதி வழி வந்திருக்கிறான். அவன் வரவேண்டிய பாதி வழி, பள்ளியும் கூலியும் ஓய்வும் சங்கமும் சட்டமும் சேர்ந்து போட வேண்டிய வழி. கூலி உயர்வு கேட்கும்போது சொட்டு நீரையும் தூசிக் காப்பையும் கேட்க வேண்டும். அவற்றோடு, முழுக் கல்லையும் அறியும் உரிமையையும் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சங்கங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்பது நம் குறை.

நாம் பாடம் நடத்தும் பள்ளியில் சென்ற ஆண்டு இதை மிகச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். எந்திரமெல்லாம் இல்லை. ஆற்றிலே பொறுக்கிய கூழாங்கற்கள், தண்ணீர்த் தட்டு, கருநிற உப்புத்தாள் நான்கு வகை. நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த கல்லைத் தேய்க்கக் கூடாது என்பது ஒன்றே கட்டளை. முதல் வரிசை மாணவர் மூவரும் அரை மணியில் அலுத்துப் போயினர். கடைசி வரிசையில் ஒரு பையன்; பாட்டனும் பாட்டியும் கல் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பம். வகுப்பில் வாய் திறவாதவன். அவன் கல்லைப் பிடித்த பிடியே வேறாக இருந்தது. ஒளி எப்படித் திரும்புகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டோம். அவன் எழுந்து வந்து, கோணத்தை விரலால் தொட்டுக் காட்டி, 'பாட்டி இதைத்தான் சாய்ச்சுப் பிடிக்கணும்னு சொல்லுங்க ஐயா' என்றான். அதன்பிறகு முதல் வரிசை அவனிடம் போய் நின்றது. பத்து நாளில் அவன் கல் முடிந்தது. சாம்பல் நிறம், நடுவே வெள்ளை வரி, கண்ணாடிபோல் மெருகு. அதைத் துணியில் துடைத்து, நம் மேசையின்மேல் வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

'இதை யார்கிட்டே ஒப்படைக்கணும், ஐயா?'

'யாரிடமும் இல்லை, தம்பி. உன்னுடையது.'

சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.